எம்மெட் டில் கவிதைகள்: ப்ரூக்ஸா, நெல்சனா?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைக் கவிதையில் படிக்க விரும்புவோர் கேட்பது: க்வென்டலின் ப்ரூக்ஸின் ‘தி பீன் ஈட்டர்ஸ்’ (1960) வாங்குவதா, மேரிலின் நெல்சனின் ‘எ ரீத் ஃபார் எம்மெட் டில்’ (2005) வாங்குவதா? 1955இல் மிசிசிப்பியில் வெள்ளையர்களால் கொல்லப்பட்ட 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் இரண்டிலும் இருக்கிறான்.

பரப்பு
ப்ரூக்ஸ்: சிகாகோவின் ஏழை வீடுகள், லிட்டில் ராக் நகரில் வெள்ளையர் பள்ளியில் கறுப்பின மாணவர்கள் சேர்ந்தபோது எழுந்த கலவரம், எம்மெட்.
நெல்சன்: எம்மெட் மட்டுமே.

வாசிப்பு
ப்ரூக்ஸ்: நிறுத்தி நிறுத்தித்தான் படிக்க முடியும்.
நெல்சன்: 15 சானெட்டுகள் (14 வரிக் கவிதைகள்), ஒரே அமர்வில் முடியும். ஒன்றின் கடைசி வரி அடுத்ததைத் தொடங்கிவைக்கும், நம் அந்தாதி மாதிரி. முதல் 14இன் தொடக்க வரிகளே 15ஆவது சானெட்.

தாக்கம்
இதில் ப்ரூக்ஸ்தான். எந்த வெள்ளைக்காரப் பெண்ணைக் காரணம் காட்டி எம்மெட்டைக் கொன்றார்களோ, அவள் அடுப்படியில் நிற்கிறாள். பன்றி இறைச்சி கருகுகிறது. கவிதை முடிவதற்குள் அவள் வெறுப்பு, கொலையாளிகளில் ஒருவனான கணவன் பக்கம் திரும்பிவிடுகிறது. அடுத்த சிறு கவிதையில் எம்மெட்டின் தாய் பால் சேர்க்காத காப்பி குடிக்கிறார். அவ்வளவுதான், நெஞ்சு அடைத்துவிடும்.

பள்ளிப் பிள்ளைகளோடு படிக்க, நெல்சன், இளையோருக்காகவே எழுதியது. அந்தக் காலத்தின் கோபத்தை உள்ளிருந்து அறிய, ப்ரூக்ஸ்.