கேபிளா, வைஃபையா? போனிலிருந்து டெஸ்க்டொப்புக்குப் படம், வீடியோ மாற்ற

வேகம்: யூஎஸ்பி 2.0 கேபிளில் நொடிக்கு 30 மெகாபைட் அளவில் போகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் பெரும்பாலும் அதில் பாதிகூட வராது.

செலவு: கொழும்பு புறக்கோட்டையில் கேபிள் வாங்கும்போது டேட்டா போகுமா என்று கட்டாயம் கேளுங்கள். மலிவானவை சிலவற்றில் மின்சாரத்துக்கான 2 கம்பிகள்தான் இருக்கும். போன் சார்ஜ் ஆகும், கணினியில் தெரியாது. நல்ல கேபிளிலும் தெரியாவிட்டால், ஆண்ட்ரொய்ட் போனின் அறிவிப்பில் ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ தெரிவுசெய்யுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் டெஸ்க்டொப்பின் பின்பக்க யூஎஸ்பி போர்ட்டில் குத்துங்கள்.

வைஃபைக்குப் புதுச் செலவில்லை. டெஸ்க்டொப் லான் வயரில் இருந்தாலும், போனும் அதே ரவுட்டரில் இருந்தால், போனில் ஒரு எஃப்டிபி செயலி (நெட்வொர்க் வழியே ஃபைல் அனுப்பும் செயலி) போதும். டேட்டா பெக்கேஜும் குறையாது.

20 ஜிபி கல்யாண வீடியோவுக்குக் கேபிள்தான். தினமும் நாலைந்து படம் என்றால் வைஃபை.