செட்டிநாட்டு வீட்டுக்குள் வைஃபை: ரிப்பீட்டரா, மெஷ்ஷா, கேபிளா?

காரைக்குடி, பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் யாரிடம் பேசினாலும் குறை ஒன்றுதான். முகப்பில் நெட் பறக்கிறது, அடுப்படிக்குப் போனால் வாட்ஸ்அப் படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் பேத்தியிடம் முகம் பார்த்துப் பேச, ஆச்சி ஒவ்வொரு முறையும் முகப்புவரை நடந்து வர வேண்டியிருக்கிறது. உடனே வீட்டார் செய்வது, 100 எம்பிபிஎஸ் வேகத் திட்டத்தை 300-க்கு மாற்றுவது. மாதாமாதம் பில் ஏறுகிறது, அடுப்படியில் எந்த மாற்றமும் இல்லை.

காரணம் வீட்டின் அமைப்பில் இருக்கிறது. நகரத்தார் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நீளவாக்கில் போகும். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கனத்த சுவர்கள். 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை இப்படி இரண்டு சுவரைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும், ஆனால் வேகம் குறைவு. இரும்புப் பெட்டகமும், ரசம் பூசிய பெல்ஜியம் கண்ணாடியும் அலையைத் திருப்பி அடிக்கும். நமக்குச் சாதகமாக இரண்டு விஷயம் உண்டு: வளவு வாசல் திறந்தவெளி, நிலைக்கதவுகள் பெரும்பாலும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. கதவு திறந்திருந்தால் அலைக்கும் அதுதான் பாதை.

எதை வாங்குவதற்கு முன்னும் ஒரு சோதனை செய்து பாருங்கள். லேப்டாப்பை லேன் கேபிளால் நேராக ரவுட்டரில் மாட்டி வேகத்தைப் பாருங்கள். திட்டத்தில் சொன்ன வேகம் வந்தால் கம்பெனி மேல் குறையில்லை, சிக்கல் வீட்டுக்குள். எந்தத் திட்டம் போட்டாலும் 94, 95-லேயே நின்றால், ரவுட்டரின் போர்ட்டோ லேப்டாப்பின் போர்ட்டோ 100 எம்பிபிஎஸ் வகை, அல்லது கேபிளில் கோளாறு. வீடியோ கால் ஒன்றுக்கு 3, 4 எம்பிபிஎஸ் போதும். 4கே படத்துக்கு 25 இருந்தால் தாராளம். சாதாரண நாளில் ஒரு வீட்டுக்கு 100 எம்பிபிஎஸ் போதும் என்பேன். கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி என்று வீடு நிறையும் நாட்கள் வேறு கணக்கு.

செலவே இல்லாத முதல் வழி, ரவுட்டரின் இடத்தை மாற்றுவது. ஃபைபர் போட வருகிறவர் கம்பி நுழையும் இடத்திலேயே, அதாவது தெருவை ஒட்டிய முகப்பில், பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். அன்றைக்கே சொல்லி ஃபைபரை வளவுவரை இழுத்துவிடுங்கள். மெல்லிய கம்பிதான், உத்தரத்தை ஒட்டி ஓடிவிடும். கூர்மையாக மடக்கக் கூடாது, ஒளி கசிந்துவிடும். வேலை முடிந்ததும் பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் பலம், அதாவது ஆப்டிகல் பவர், எத்தனை டிபிஎம் என்று கேளுங்கள். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தொட்டால் லைன் அடிக்கடி விழும்.

பங்காளிகள் சேர்ந்து வைத்திருக்கும் வீட்டில் வளவுதான் பொது இடம், அறைகள் அவரவர் பங்கு. ஒரு பங்கின் அறைக்குள் ரவுட்டரை வைத்துப் பூட்டிவிட்டு அவர்கள் சென்னைக்குப் போய்விட்டால், அது ஹேங் ஆகும்போது ஆஃப் செய்து ஆன் செய்யக்கூட ஆள் இருக்காது. அதற்காகவும் வளவே சரி.

இதன் பிறகும் பின்கட்டுக்கு எட்டவில்லை என்றால்தான் போட்டி தொடங்குகிறது.

ரவுட்டரின் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் விலை குறைவு, பிளக்கில் சொருகினால் வேலை செய்யும். ஆனால் ஒரே அலைவரிசையில் வாங்கி அதே அலைவரிசையில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பலர் அதை சிக்னல் செத்த அடுப்படியிலேயே மாட்டுகிறார்கள். வாங்க எதுவும் இல்லாத இடத்தில் அது எதைக் கொடுக்கும்? சிக்னல் நன்றாக இருக்கும் கடைசி இடத்தில், நிலைக்கதவுக்கு நேராக வைக்க வேண்டும். ஒரே ஒரு அறைக்கு மட்டும் குறை என்றால் ரிப்பீட்டர் போதும். மூன்று கட்டு வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

கரண்ட் லைன் வழியாகவே நெட்டை அனுப்பும் பவர்லைன் அடாப்டர் நம் வீடுகளுக்கு ஒத்துவராது. பழைய வயரிங், த்ரீ பேஸ் இணைப்பு, பங்குக்கு ஒரு மீட்டர். இரண்டு அடாப்டரும் வெவ்வேறு பேஸில் மாட்டிக்கொண்டால் ஒன்றையொன்று பார்ப்பதே கஷ்டம்.

பல பெட்டிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே வைஃபையாக ஓடும் மெஷ் நல்ல பொருள்தான். வீடு முழுக்க ஒரே பெயர், நடந்துகொண்டே பேசினாலும் போன் அடுத்த பெட்டிக்குத் தானாக மாறிக்கொள்ளும். கடைக்காரர் சொல்லாமல் விடுவது ஒன்று: பெட்டிகளுக்கு இடையே கேபிள் இல்லாவிட்டால் அவையும் அதே சுவரைத்தான் தாண்டியாக வேண்டும். ஆகவே வளவு வாசலைக் குறுக்கே கண்ணுக்குக் கண் பார்க்கும்படி ஒன்று இந்தத் தாழ்வாரத்தில், ஒன்று அந்தத் தாழ்வாரத்தில் வைத்தால் பிரமாதமாக ஓடும். மூடிய அறைக்குள் வைத்தால் காசு தண்டம். ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கும், சுவரைத் தொடவே கூடாது என்கிற பங்காளிகள் இருக்கும் வீட்டுக்கும் மெஷ்தான் வழி.

மற்ற எல்லோருக்கும் என் ஓட்டு கேபிளுக்கு. கேட் 6 வகை லேன் கேபிளை வளவிலிருந்து பின்கட்டுவரை இழுத்து, அந்த முனையில் ஒரு ஆக்சஸ் பாயிண்டை, அதாவது கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் பெட்டியை, மாட்டுங்கள். கேபிள் 100 மீட்டர்வரை, அதாவது 328 அடிவரை, ஒரு ஜிகாபிட்டைக் குறையாமல் கொண்டுபோகும். பெரும்பாலான வீடுகள் அதற்குள் அடங்கும். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரை மட்டும் தயவுசெய்து கொத்தாதீர்கள். அந்த வழவழப்பைத் திரும்பக் கொண்டுவரத் தெரிந்த கொத்தனார்கள் அருகிவிட்டார்கள். தாழ்வாரத்து உத்தரத்தின் மேல் ஓட்டி, கதவுக்கு மேலுள்ள காற்றுத்துளை வழியாக அடுத்த கட்டுக்குள் விட்டுவிடலாம். கரண்ட் வயர் போகும் பைப்புக்குள் இதை நுழைக்க வேண்டாம்.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதும் அதே பெயரில் விற்கிறது. கையில் லேசாக இருக்கும், கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். ஜாக் அடிக்கும்போது எட்டு வயரும் சேர்ந்திருக்க வேண்டும். சிலர் நான்கோடு நிறுத்திவிடுவார்கள், வேகம் 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும்.

புது ஆக்சஸ் பாயிண்ட் வாங்கக்கூட வேண்டியதில்லை. பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரை எடுத்து, அதன் ஐபி முகவரியை மெயின் ரவுட்டரோடு மோதாத ஒன்றாக மாற்றி, போன்களுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்து, வெளி நெட்டுக்கான வேன் போர்ட்டை விட்டு லேன் போர்ட்டில் கேபிளைச் சொருகினால் போதும். பெயரும் பாஸ்வேர்டும் மெயின் ரவுட்டரில் உள்ளதையே கொடுங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒரு பெட்டிக்குச் சேனல் 1, மற்றதற்கு 6 அல்லது 11. ஒரு குறை உண்டு: போன் சில சமயம் பழைய பெட்டியையே பிடித்துக்கொண்டிருக்கும், வைஃபையை அணைத்துப் போட வேண்டிவரும். அந்த விலைக்கு இதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பின்தெருவில் தனியாக நிற்கும் கார் ஷெட்டுக்கோ தோட்டத்து வீட்டுக்கோ வெட்டவெளியில் செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். இடி மின்னலுக்கு இரண்டு பக்கப் பெட்டியும் போகும். அந்த இடத்துக்கு மட்டும் ஃபைபரும், அதன் இரு முனையிலும் ஃபைபரை லேன் கேபிளுக்கு மாற்றித் தரும் மீடியா கன்வெர்ட்டரும் போடுங்கள்.

ஃபைபரே வராத கிராமங்களுக்கு 2023-இல் வந்த 5ஜி ஏர்ஃபைபர் இருக்கிறது. மொட்டை மாடியில் டவரைப் பார்த்து ஒரு ஆன்டெனா, அங்கிருந்து ஒரு கேபிள் கீழே. ஒப்பந்தம் போடும் முன் அதே மாடியில் நின்று, அதே கம்பெனி சிம்மில் 5ஜி வேகத்தைச் சாயங்காலம் ஏழு, எட்டு மணிக்குப் பாருங்கள். டவரில் நெரிசல் தெரிவது அப்போதுதான். மாடிக் கேபிளை முகப்பில் இறக்காமல் வளவில் இறக்கச் சொல்லுங்கள்.