பேலியோவா, அரை ஆழாக்குச் சோறா?

எடை குறைக்க இரண்டையும் செய்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். 2018-ல் 78 கிலோ இருந்தேன். பேலியோ, அதாவது அரிசி, கோதுமையை விட்டு முட்டை, கறி, பனீர், பாதாம் என்று தின்னும் உணவுமுறை பிடித்து ஏழே மாதத்தில் 65-க்கு வந்தேன். 2020 முடியும்போது மறுபடி 76. அடுத்த வருடம், வீட்டில் எல்லோரும் சாப்பிடும் அதே சாப்பாட்டில் சோற்றைப் பாதியாக்கி, காயைக் கூட்டி, பதினான்கு மாதத்தில் 67-க்கு வந்தேன். இன்றும் அதே 66, 67-ல்தான் நிற்கிறேன். அதனால் நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சோற்றுப் பக்கம்.

ஆனால் பேலியோ பொய் என்று சொல்ல வரவில்லை. எடை அதில் நிச்சயம் குறைகிறது, வேகமாகவும் குறைகிறது. முதல் வாரமே மூன்று கிலோ இறங்கியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அதில் பெரும்பகுதி தண்ணீர் என்று பிறகுதான் தெரிந்தது. மாவுச்சத்தை நிறுத்தியதும் உடம்பு சேர்த்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு கரையும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் போகும். அதற்குப் பிறகு இறங்கியது உண்மையான கொழுப்புதான். முட்டை, கறி, பனீர் என்று புரதம் கூடியதால் வயிறு நிறைந்தது. பசி அதிகம் படுத்தவில்லை.

எதில் அதிகம் குறையும் என்ற கேள்விக்கு ஆராய்ச்சியில் நல்ல பதில் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கொழுப்பு குறைந்த உணவிலும் மறுபாதியை மாவுச்சத்து குறைந்த உணவிலும் ஒரு வருடம் வைத்துப் பார்த்தது. முடிவு 2018-ல் வந்தது. கொழுப்பைக் குறைத்தவர்களுக்குச் சராசரியாக 5.3 கிலோ குறைந்தது, மாவைக் குறைத்தவர்களுக்கு 6 கிலோ. புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. என் கண்ணில் பட்டது வேறொன்று: இரண்டு பக்கமும் இருபது கிலோவுக்கு மேல் குறைந்தவர்களும் இருந்தார்கள், எடை ஏறியவர்களும் இருந்தார்கள். எந்த உணவு என்பதைவிட, எந்த ஆள் எதில் ஒட்டி நிற்கிறார் என்பதே பெரிதாக இருந்திருக்கிறது.

விரதத்துக்கும் அதே கதைதான். சீனாவின் குவாங்சோவில் 139 பேரை வைத்து நடந்த, 2022-ல் வெளியான ஆய்வில், எல்லோருக்கும் கலோரியைக் குறைத்தார்கள். பாதிப் பேர் மட்டும் காலை 8 முதல் மாலை 4-க்குள் சாப்பிட்டு முடித்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்கு 8 கிலோ, மற்றவர்களுக்கு 6.3. இதையும் வித்தியாசமாகக் கொள்ள முடியாது என்றே முடித்தார்கள். நான் பதினாறு மணி நேர விரதம் இருந்தது மூன்று வாரம்தான், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஆக, முதல் வருடத்தை வைத்துப் பார்த்தால் எதுவும் எதையும் ஜெயிக்கவில்லை. இரண்டாம் வருடம்தான் பிரச்சினை.

எடை குறைந்த உடம்பு சும்மா இருப்பதில்லை. 2011-ல் ஆஸ்திரேலியாவில் வந்த ஓர் ஆய்வில், பத்து வாரம் கடும் டயட்டில் எடை குறைத்தவர்களின் இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். நிறைவைச் சொல்லும் லெப்டின் இறங்கியிருந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் ஏறியிருந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு போட்ட கணக்கு இன்னும் உறைக்கும்: குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் பசி நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி கூடுகிறது. உடம்பு தன் கலோரிச் செலவைச் சுருக்கிக்கொள்வதைவிட இது மூன்று மடங்குக்கு மேல். பதின்மூன்று கிலோ குறைத்த என்னை என் உடம்பு தினமும் எவ்வளவு இழுத்திருக்கும் என்று கணக்குப் போட்டபோது, 2020-ல் நான் என்னையே திட்டிக்கொண்ட திட்டெல்லாம் தேவையில்லாதது என்று புரிந்தது. மனஉறுதி போதாமல் போனது என் குணக்கேடு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இந்த இழுப்பு எந்த டயட்டுக்கும் உண்டு. அதை வருடக்கணக்கில் தாங்க எந்தச் சாப்பாடு வசதி என்பதே என் ஒரே அளவுகோல். பேலியோ எனக்கு அங்கேதான் சறுக்கியது.

வீட்டில் ஐந்து பேர். நாலு பேருக்கு உலை வைத்துக் குழம்பு கொதிக்கும்போது எனக்கு மட்டும் தனி அடுப்பில் வெண்ணெயில் பனீர். காலையில் 100 பாதாம். அதுவே கிட்டத்தட்ட 700 கலோரி, மாதச் செலவில் பெரிய ஓட்டை. கல்யாண வீட்டுப் பந்தியில் இலையில் பொரியலும் கூட்டும் மட்டும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் அத்தை பக்கத்தில் வந்து, "ஒரு கரண்டி சாதம் போட்டுக்கோம்மா, வெறும் இலையைப் பார்க்க எனக்கு மனசு கேக்கல" என்பார். ஊரடங்கு நாட்களில் தனிச்சமையல் நின்றது. முதலில் ஒரு தோசை, பிறகு இரண்டு, பிறகு எல்லாமே. முழுதாக விலக்கி வைத்த உணவுக்கு நடுவழி என்று ஒன்று கிடையாது. உள்ளே இருப்பாய் அல்லது வெளியே இருப்பாய்.

இப்போது செய்வது இது. முன்பெல்லாம் மதியம் எனக்கு ஓர் ஆழாக்கு அரிசி வேகும். அது ஏறக்குறைய 140 கிராம், 480 கலோரிக்கு மேல். அதை அரை ஆழாக்காக்கினேன். குறைந்த இடத்தில் எல்லோருக்கும் ஒரே சட்டியில் வெந்த பீன்ஸ், கோஸ், கீரை இரண்டு கரண்டி. கூடவே முட்டையோ மீனோ சுண்டலோ. முதலில் பொரியலைத் தின்று முடித்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பேன். பாக்கெட் பலகாரம் வீட்டுக்குள் வருவதில்லை. இதற்கும் ஹாலின் 2019 ஆய்வுதான் காரணம்: ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு கிடைத்த இரண்டு வாரமும் அந்த 20 பேர் தங்களை அறியாமல் தினமும் 500 கலோரி கூடுதலாகத் தின்று, ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஏறினார்கள். இந்த வழியில் குறைவது மெதுவாகத்தான் குறையும். நடுவில் இரண்டு மாதம் முள் அசையவே இல்லை. அவசரம் உள்ளவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும்.

நடையைப் பற்றி ஒரு வார்த்தை. எடை குறைக்க நடை பெரிதாக உதவவில்லை, குறைந்ததைக் காக்க உதவுகிறது. 13.6 கிலோவுக்கு மேல் குறைத்து ஒரு வருடமாவது காத்தவர்களை அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேட்டில் சேர்த்து வருகிறார்கள். அவர்கள் சராசரியாகத் தினம் ஒரு மணி நேரம் உடம்பை அசைக்கிறார்கள், பெரும்பாலோர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள். தாங்களாக முன்வந்தவர்கள் என்பதால் அதையே சட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது. எனக்கு நாற்பது நிமிடம்தான் முடிகிறது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு என் அளவுகோல் பொருந்தாமல் போகலாம். மாவைக் கடுமையாகக் குறைத்தால் அவர்களுக்குச் சர்க்கரை சீக்கிரம் இறங்குகிறது. இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுத்துக்கொண்டே அப்படிச் செய்தால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழவும் வாய்ப்புண்டு, மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கவே கூடாது. பசியைக் குறைக்கும் செமாக்ளூடைட் ஊசி நான் போட்டதில்லை. 2021-ல் வந்த ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடையை அது குறைத்தது, மேலே சொன்ன எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது. ஊசியை நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதும் பதிவாகியிருக்கிறது. இரண்டாம் வருடக் கேள்வி அதற்கும் உண்டு.

திங்கட்கிழமை காலை பல் தேய்த்ததும் எடை பார்க்கிறேன். 68-ஐத் தாண்டினால் இரவுச் சோறு நிற்கும், முட்டையும் காயும் மட்டும். போன பொங்கலுக்குத் தாண்டியது. மாசி முடிவதற்குள் 67-க்கு வந்தது.