மயோசைட்டிஸ் ஆன்டிபாடி பட்டை: பளிச்சென்ற கோட்டை நம்பலாம், மங்கல் கோட்டை நம்ப வேண்டாம்

மேல் இமையில் கத்தரிப்பூ நிறம், விரல் முட்டிகளின் மேல் தடிப்பு, கழுத்தடியில் சிவப்பு. தோலும் தசையும் அழற்சியடையும் டெர்மட்டோமயோசைட்டிஸ் நோயின் முகம் இதுதான். மாநிறத் தோலில் அந்தக் கத்தரிப்பூ நிறம் வெறும் கருமையாகத் தெரியும். அலர்ஜி என்று களிம்பு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பெரியவர்களுக்கு இந்த நோய் வந்தால் சினைப்பை, நுரையீரல், மார்பகம், குடல் எங்காவது புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும். யாரிடம் எவ்வளவு தீவிரமாகத் தேடுவது? அதற்குத்தான் இந்த ஆன்டிபாடி பட்டை: சொந்த உடலையே தாக்கும் ஆன்டிபாடிகள் ரத்தத்தில் இருந்தால் கோடுகளாகக் காட்டும் டெஸ்ட்.

ஜெர்மனியின் யூரோஇம்யூன் தயாரிக்கும் யூரோலைன் பட்டையில் 16 ஆன்டிஜென்கள், அதாவது ஆன்டிபாடி வந்து ஒட்டும் புரதங்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. புற்றுநோய் விஷயத்தில் பார்க்க வேண்டியவை டிஐஎஃப்1-காமா, என்எக்ஸ்பி2 என்ற இரண்டு கோடுகளும். டிஐஎஃப்1-காமா குழந்தைகளிடம் வந்தால் அந்தப் பயம் இல்லை. 40 வயதைத் தாண்டியவரிடம் வந்தால் விடக்கூடாது.

வேலை எளிது. 15 மைக்ரோலிட்டர் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்) 1.5 மில்லி பஃபர் கரைசலில் கலந்து 30 நிமிடம் ஆட்டல், மூன்று கழுவல், கான்ஜுகேட் (ஒட்டிய ஆன்டிபாடியைப் பிடிக்கும் என்சைம் திரவம்) 30 நிமிடம், மறுபடி மூன்று கழுவல், சப்ஸ்ட்ரேட் (கோட்டுக்கு நிறம் தரும் திரவம்) 10 நிமிடம். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கெடுவதும் இங்கேதான்: கழுவலில் அவசரப்பட்டாலோ, சப்ஸ்ட்ரேட்டை 10 நிமிடத்துக்கு மேல் விட்டாலோ பின்னணி கறுத்து, இல்லாத கோடுகள் முளைக்கும். டெஸ்ட் சரியாக நடந்ததைக் காட்டும் கன்ட்ரோல் கோடு தெரியாத பட்டையைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பெரிய குறை டிஐஎஃப்1-காமாவில். இம்யூனோபிரெசிபிட்டேஷன் என்ற இன்னும் நுட்பமான ஆய்வக முறையில் பிடிபடும் சிலரை இந்தப் பட்டை தவறவிடுகிறது. மங்கலான கோடுகளோ பல நேரம் பொய். அதனால் ஏஎன்ஏவை (செல்லின் கருவைத் தாக்கும் ஆன்டிபாடிகளைத் தேடும் டெஸ்ட்) இம்யூனோஃப்ளோரசென்ஸ் முறையில், அதாவது செல்களை ஒளிரவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் முறையில், சேர்த்தே கேளுங்கள். நுண்புள்ளி வடிவம் தெரிந்தால் கோட்டுக்கு பலம் கூடும். பட்டையில் ரோ-52 (Ro-52) என்ற கோடு மட்டும் வந்தால் பதற வேண்டாம், வேறு பல நோய்களிலும் வரும்.

வெறும் ‘பாசிட்டிவ்’ என்று அச்சடித்துத் தரும் லேப் வேண்டாம். (காசு வாங்குவது 16 கோட்டுக்கும் சேர்த்துத்தானே!) ஒவ்வொரு கோட்டின் அடர்த்தி எண்ணும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும்.

பளிச்சென்ற டிஐஎஃப்1-காமா என்றால் கழுத்து முதல் இடுப்பு வரை சிடி, பெண்களுக்கு மேமோகிராமும் இடுப்பு அல்ட்ராசவுண்டும், பிறகு மூன்று ஆண்டு கண்காணிப்பு. பட்டை நெகட்டிவ்தான், ஆனால் விழுங்கச் சிரமம், தோலில் அழுகல், எடை இறக்கம் இருக்கிறது என்றால் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு ஸ்கேனுக்கு அனுப்புங்கள்.

இந்தப் பட்டைக்கு என் மதிப்பெண்: 5க்கு 3.5.