பெனா அரண்மனை டிக்கெட்டில் உள்ள நேரம் எந்த வாசலுக்கு? லிஸ்பனிலிருந்து சிந்த்ரா போகிறவர்கள் கவனத்துக்கு

போர்த்துகல் தலைநகர் லிஸ்பன் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் ஒரு நாளைப் பக்கத்து மலை ஊரான சிந்த்ராவுக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். மலை உச்சியில் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கிற பெனா அரண்மனைதான் குறி. பணம் பறிபோவது அரண்மனைக்குள் அல்ல, சிந்த்ரா ரயில் நிலைய வாசலுக்கும் அரண்மனைக் கதவுக்கும் நடுவிலுள்ள அந்தச் சில கிலோமீட்டரில். அங்கே நிற்கிற தரகர்களுக்கு முதலீடு என்று ஒன்றுமில்லை, உங்கள் அவசரத்தைத் தவிர. அந்த அவசரம் டிக்கெட்டைத் தப்பாகப் படிப்பதில் தொடங்குகிறது.

அரண்மனை அறைகளுக்குள் போக அரை மணிக்கு ஒரு ஸ்லாட், அதாவது நுழைவு நேரம், தருகிறார்கள். டிக்கெட்டில் 11:00 என்று இருந்தால், அரண்மனையைச் சுற்றியுள்ள பூங்காவில் பஸ் இறக்கிவிடும் கேட்டில் 11 மணிக்கு நின்றால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது கேட்டுக்கான நேரம் அல்ல. மேலே அரண்மனைக் கதவில் ஸ்கேன் செய்யும் நேரம். கேட்டிலிருந்து கதவுவரை வளைந்து ஏறுகிற பாதை. அதற்கு அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று நிர்வாகமே சொல்கிறது. பூங்காவுக்குள் ஓடும் சின்ன பஸ்ஸுக்குத் தனிக் கட்டணம், தனி வரிசை. தாமதத்துக்குச் சலுகை கிடையாது. ஸ்லாட் போனால் போனதுதான், கதவில் நிற்கும் ஊழியரிடம் கெஞ்சிப் பயனில்லை.

ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். 11:00 ஸ்லாட் என்றால் பூங்கா கேட்டில் 10:20க்கு இருக்க வேண்டும். சிந்த்ரா நிலையத்திலிருந்து கிளம்பும் 434 எண் பஸ் மேலே ஏற ஏறத்தாழ 20 நிமிடம், அதற்கு முன் வரிசையில் நிற்க அரை மணி. அப்படியானால் சிந்த்ரா நிலையத்தில் 9:30. லிஸ்பன் ரொசியோ நிலையத்திலிருந்து ரயில் சுமார் 40 நிமிடம். 8:40க்குள் ரயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஹோட்டலில் காலை உணவை முடித்துவிட்டு ஒன்பதரைக்கு ரொசியோ வருகிறவர்தான் பத்தேகாலுக்குச் சிந்த்ராவில் இறங்கும்போது தரகர் கையில் சிக்குகிறார்.

ரயிலில் ஏமாற்ற அதிகம் இடமில்லை, குழம்பத்தான் இடம் உண்டு. 50 சென்ட் கொடுத்து நவெகாந்தெ என்ற பயண அட்டையை வாங்கி அதில் பயணத்தை ஏற்ற வேண்டும். ஒருவருக்கு ஓர் அட்டை, இரண்டு பேர் ஒன்றைப் பகிர முடியாது. போகும் பயணம் 3 யூரோவுக்குள் முடிந்துவிடும். ஒரு அட்டையில் ஒரு வகை டிக்கெட்தான் நிற்கும். மெட்ரோ டிக்கெட் மிச்சமிருக்கிற அட்டையில் ரயில் டிக்கெட்டை ஏற்றப் பார்த்தால் இயந்திரம் மறுக்கும். அந்த நேரம் பார்த்து "நான் உதவட்டுமா?" என்று பக்கத்தில் வருகிற ஆளுக்கு உங்கள் பர்ஸ் மீதுதான் கண். இயந்திரத்தில் ஆங்கிலம் இருக்கிறது, கவுன்ட்டரும் இருக்கிறது. ஸாப்பிங் என்ற முறையில் பணமாக ஏற்றிக்கொண்டால் மெட்ரோ, டிராம், ரயில் எல்லாவற்றுக்கும் அதே அட்டை போதும். ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட மறக்காதீர்கள்.

இன்னொன்று. பலகையில் 'மிரா சிந்த்ரா - மெலெசாஸ்' என்று ஒரு ரயில் வரும். பெயரில் சிந்த்ரா இருக்கிறதே என்று ஏறிவிடாதீர்கள், அது வேறு பாதை. தெரியாமல் ஏறிவிட்டால் அகுவால்வா-கசேமில் இறங்கி மாறுங்கள். உங்களுக்கு வேண்டியது வெறும் 'சிந்த்ரா', அந்தப் பாதையின் கடைசி நிலையம்.

இனி நிலைய வாசல். கழுத்தில் அட்டை, கையில் லேமினேட் செய்த வரைபடம், பளிச்சென்ற ஜாக்கெட். பார்த்தால் சுற்றுலாத் துறை ஊழியர் மாதிரியே இருப்பார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "உங்கள் ஸ்லாட் எத்தனை மணிக்கு?" நீங்கள் பதில் சொன்ன கணமே விலை முடிவாகிவிட்டது. ஸ்லாட்டுக்கு நேரம் குறையக் குறைய விலை ஏறும். "பஸ் வரிசை இரண்டு மணி நேரம்", "434 இன்றைக்கு ஓடவில்லை", "சாலை மூடியாச்சு, எங்கள் வண்டி மட்டும்தான் போகும்" என்று வரிசையாக வரும். இதில் சில சமயம் உண்மையும் கலந்திருக்கும், அதுதான் சிக்கல். ஆகஸ்ட் மாத நடுப்பகலில் வரிசை நிஜமாகவே நீளம்தான். ஆனால் வரிசையை நீங்களே போய்ப் பாருங்கள், நிறுத்தம் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. ஸ்லாட் நேரத்தை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

நம்மூர் ஆட்டோ மாதிரியான டுக்-டுக்கில் போவது தப்பில்லை. நாலு பேர் இருந்து, நேரமும் நெருக்கினால் அதுதான் புத்திசாலித்தனம்கூட. விலையில்தான் கோளாறு. விரலைக் காட்டி ஒரு எண் சொல்வார், நீங்கள் வண்டிக்கு என்று நினைத்து ஏறுவீர்கள், இறங்கும்போது அது தலைக்கு என்பார். நாலு பேர் என்றால் நாலு மடங்கு. ஏறும் முன் கேட்க வேண்டியவை: வண்டிக்கா ஆளுக்கா, போக மட்டுமா போகவரவா, திரும்பக் கூட்டிக்கொண்டு போக எந்த வாசலில் எத்தனை மணிக்கு வருவார், கார்டு எடுப்பாரா. பதிலைப் போனில் எழுதி அவரிடமே காட்டுங்கள். ரொக்கம் மட்டும்தான் என்றால் அடுத்த வண்டியைப் பாருங்கள். போகவர என்று மொத்தப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டு, திரும்பும் நேரத்தில் தலைகாட்டாமல் போவது பழைய வித்தை. போகும்போது பாதி, வந்ததும் மீதி என்றால் ஒத்துக்கொள்ளாதவர் வண்டியில் ஏறவே வேண்டாம்.

இதைவிட மோசமானது, ஊர் மையத்தில் இறக்கிவிடுவது. சிந்த்ராவில் அரண்மனை ஒன்றல்ல. ஊருக்கு நடுவில் சிந்த்ரா தேசிய அரண்மனை இருக்கிறது. கூம்பு வடிவத்தில் இரண்டு பெரிய வெள்ளைப் புகைபோக்கிகள் எழுந்து நிற்கும், தூரத்திலிருந்தே தெரியும். "அரண்மனைக்குத்தானே கேட்டீர்கள், இதுதான்" என்று அங்கே இறக்கிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். நிலையத்திலிருந்து அந்த இடம் நடக்கும் தூரம்தான். புகைபோக்கி தெரிந்தால் இறங்காதீர்கள், பெனா இன்னும் மேலே. வெறுமனே அரண்மனை என்று சொல்லாமல் 'பெனா' என்றே சொல்லுங்கள்.

434 பஸ் ஒரே திசையில் சுற்றுகிறது: நிலையம், ஊர் மையம், மூர்களின் கோட்டை, பெனா, பிறகு கீழே. கோட்டை நிறுத்தத்தில் கும்பலாக இறங்குவதைப் பார்த்து நீங்களும் இறங்கிவிட்டால் பதற வேண்டாம், பெனா கேட் அங்கிருந்து சில நிமிட நடைதான். லிஸ்போவா கார்டு என்ற சுற்றுலா அட்டை வைத்திருப்பவர்களுக்கு ரயில் இலவசம், பெனாவில் தள்ளுபடி மட்டும். 434 அதில் சேராது. எல்லாம் அடக்கம் என்று சொல்லி அதை விற்கிறவர் பாதியைத்தான் சொல்கிறார்.

காரில் போகலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரே வரி: போகாதீர்கள். லிஸ்பனிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், ஐசி19 சாலையில் சுங்கம் இல்லை, வரைபடத்தில் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மேலே பெனாவுக்கு ஏறும் சாலையில் வெளியூர்ச் சொந்த வண்டிகளுக்கும் வாடகைக் கார்களுக்கும் அனுமதி இல்லை. கீழே ஊரில் நிறுத்தவும் இடமில்லை. அந்த நேரத்தில் ஒருவர் ஓடிவந்து கை காட்டி ஒரு சந்தில் இடம் பிடித்துத் தருவார், காசு கேட்பார். அவர் ஊழியர் அல்ல, அந்த இடம் பல நேரங்களில் நிறுத்தவே கூடாத இடம். திரும்பி வந்தால் சக்கரத்தில் பூட்டு. அபராதம் வாடகை நிறுவனத்துக்குப் போனால் அவர்கள் தங்கள் பங்குக்கு ஒரு கட்டணத்தையும் சேர்த்து உங்கள் கார்டில் பிடிப்பார்கள். கார் எடுத்தே தீர வேண்டும் என்றால், சிந்த்ராவுக்கு முந்தைய நிறுத்தமான போர்த்தெலா தெ சிந்த்ராவில் நிலையத்தை ஒட்டிய பார்க்கிங்கில் விட்டுவிட்டு ரயிலில் ஒரு நிறுத்தம் போங்கள். பின் இருக்கையில் பை எதையும் விடாதீர்கள். வாடகைக் காரைக் கண்டுபிடித்துக் கண்ணாடியை உடைப்பது அந்தப் பக்கம் புதிதல்ல.

இணையத்தில் டிக்கெட் வாங்குவதிலும் கவனம் வேண்டும். பெனாவை நடத்துவது பார்க்கெஸ் தெ சிந்த்ரா என்ற நிறுவனம், அவர்களின் தளத்திலேயே நேரடியாக வாங்கலாம். தேடினால் மேலே வருவது பெரும்பாலும் இடைத்தரகர்கள்தான். அதே டிக்கெட்டைக் கூடுதல் விலைக்கு விற்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பூங்கா டிக்கெட்டை 'பெனா டிக்கெட்' என்று விற்பதைத்தான் பொறுக்க முடியாது. பூங்கா டிக்கெட்டை வைத்துக்கொண்டு அரண்மனை அறைகளுக்குள் போக முடியாது. அடையாளம் எளிது: தேதியோடு நேரமும் இல்லையென்றால் அது அரண்மனை டிக்கெட் அல்ல.

கோடையில் காட்டுத்தீ அபாயம் உச்சத்தில் இருக்கும் நாட்களில் அரசு உத்தரவால் மலையையே மூடுவது உண்டு. அன்று பெனாவும் திறக்காது. ரயில் வேலைநிறுத்தமும் அங்கே அடிக்கடி வரும். இரண்டையும் முதல் நாள் இரவே அதிகாரபூர்வத் தளங்களில் பார்த்துவிடுங்கள். பார்த்திருந்தால், காலையில் நிலைய வாசலில் "இன்றைக்கு மூடியிருக்கிறது, அதற்குப் பதில் நான் வேறு இடம் காட்டுகிறேன்" என்பவரிடம் நின்று பேச வேண்டிய அவசியமே இராது.

இறங்கும்போதுதான் பலர் அசந்துவிடுகிறார்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் பெனா நிறுத்தத்தில் வரிசை. ஊபர், போல்ட் அழைத்தால் ஓட்டுநர்கள் ஏற்றுக்கொண்டு பிறகு ரத்து செய்கிறார்கள், மலைச்சாலை நெரிசலில் ஏறி வர அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அங்கே நிற்கிற டுக்-டுக்காரருக்கும் இது தெரியும். காலில் வலுவிருந்தால் நடந்தே இறங்குங்கள். வில்லா சசெத்தி என்ற பழைய மாளிகையின் தோட்டம் வழியாக ஊர் மையத்துக்கு நல்ல பாதை இருக்கிறது, இறக்கம்தான், ஒரு மணி நேரத்துக்குள் முடியும். அந்தத் தோட்ட வாசலுக்கு மூடும் நேரம் உண்டு என்பதால் மாலையில் தாமதிக்காதீர்கள். மழை பெய்திருந்தால் கல் வழுக்கும்.

ஏமாந்துவிட்டால்? போர்த்துகலில் எந்த வியாபாரமாக இருந்தாலும் 'ஃபதூரா' என்ற பில் தர வேண்டும். கேளுங்கள், கேட்டாலே விலை இறங்குவதும் உண்டு. பொதுமக்களுக்குச் சேவை தரும் ஒவ்வொரு நிறுவனமும் 'லிவ்ரோ தெ ரெக்லமசோயிஷ்' என்ற புகார்ப் புத்தகம் வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம். கேட்டால் கொடுக்க வேண்டும். 2017 முதல் இணையத்திலும் அதே புத்தகம் இருக்கிறது, ஊர் திரும்பிய பிறகும் எழுதலாம். அங்கே பதிவான புகாருக்கு நிறுவனம் 15 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வண்டியின் எண் பலகை, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் நிறுவனப் பெயர், கார்டு ரசீது மூன்றும் இல்லாமல் அந்தப் புகார் நிற்காது. ஆகவே ஏறும் முன்பே வண்டியை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், குடும்பத்தை முன்னால் நிறுத்தி எடுத்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.