முதல் முயல்: குக்கரா, சட்டியா, சுக்காவா, பிரியாணியா?

முயல் கறி எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்த அன்று, அதைக் கோழியாக நினைத்துச் சமைப்பதா ஆடாக நினைத்துச் சமைப்பதா என்பதுதான் பேச்சு. அம்மா கறியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நிறம் கோழி மாதிரிதானே இருக்கு, இருபது நிமிஷம் போதும்" என்றார். சித்தப்பா சின்ன வயதில் காட்டு முயல் தின்று வளர்ந்தவர். "ஆட்டுக்கறி கணக்கா ஆறு விசில் விடுடா" என்றார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று மூன்று விசில் விட்டேன். குழம்பு ருசியாக இருந்தது. கறி மட்டும் ஒரு துண்டு பஞ்சாகவும் அடுத்த துண்டு ரப்பராகவும் இருந்தது. அதற்குப் பிறகு ஐந்து முயல் வாங்கி, நாலு விதமாக வைத்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

சித்தப்பா சொல்லும் காட்டு முயலை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடலாம். அது இனமே வேறு. கறி கருஞ்சிவப்பாக, இறுக்கமாக இருக்கும், நேரமும் அதிகம் கேட்கும். அதோடு 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடுவது குற்றம். யாராவது ராத்திரி பையில் கொண்டுவந்து மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நாம் பேசுவது பண்ணை முயல்: நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயன்ட் என்று கூண்டில் வளர்கிறவை. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையத்திலேயே இந்த மாதிரி முயல்களை வளர்க்கிறார்கள். உயிர் எடை இரண்டு கிலோ என்றால், உரித்துச் சுத்தம் செய்தபின் ஏறக்குறைய ஒரு கிலோ கையில் வரும்.

எந்த முறை நல்லது என்பதற்கு முன்னால், எந்த முறையும் ஏன் சொதப்புகிறது என்று தெரிய வேண்டும். நாட்டுக்கோழியை வாட்டி, மஞ்சள் தடவி, தோலோடு போடுகிறோம். ஆட்டுக்கறியில் கொழுப்பு ஊடே ஓடுகிறது. முயலைத் தோலுரித்துத்தான் எடுப்பார்கள், உள்ளே கொழுப்பும் மிகக் குறைவு. காயாமல் காப்பாற்ற அதனிடம் எதுவும் இல்லை. பழமொழி முயலுக்கு மூணு கால்தான். என் சட்டிக்கு வந்ததற்கு நாலு கால், அந்த நாலும் ஒரே நேரத்தில் வேகாது. முன்னங்கால் சின்னதுதான், ஆனால் நார் அதிகம். பின்தொடையில் சதை நிறைய, அதுவும் மெதுவாகத்தான் இளகும். முதுகெலும்பின் இரு பக்கமும் ஓடும் சதையோ கால் மணி நேரத்தில் வெந்துவிடும், அதற்கு மேல் போனால் பஞ்சு. என் மூன்று விசிலில் பஞ்சானது முதுகு, ரப்பராக நின்றது முன்னங்கால்.

குக்கர். இதன் பலம் நேரம் ஒன்றுதான். உள்ளே சூடு 120 டிகிரியை ஒட்டிப் போவதால், வயதான முயலின் விறைத்த சதையைக்கூட ஐந்தாறு விசிலில் வழிக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் மூடியைத் திறந்து பார்க்க முடியாது, முதுகுத் துண்டை மட்டும் பாதியில் எடுக்கவும் முடியாது. இதைவிடப் பெரிய தொல்லை எலும்பு. முயல் எலும்பு மெல்லியது. கத்தியால் கொத்திய கறியை குக்கரில் விட்டால், சதை கழன்று ஊசி ஊசியாக எலும்புச் சில்லு குழம்பில் மிதக்கும். என் மகள் வாயிலிருந்து ஒன்றை எடுத்த அன்றோடு கொத்தி வாங்குவதை நிறுத்தினேன். "கொத்தாதீங்கண்ணே, மூட்டுல பிரிச்சுக் குடுங்க" என்று வெட்டுபவரிடம் சொன்னால் புரிந்துகொள்வார். இரண்டு முன்னங்கால், இரண்டு தொடை, முதுகு மூன்று துண்டு, விலா. அவ்வளவுதான். எந்த முறையில் வைத்தாலும் இப்படித்தான் வாங்க வேண்டும்.

மண்சட்டி, அல்லது அடிகனமான எந்தச் சட்டியும். என் ஓட்டு இதற்குத்தான், முதல்முறை என்றால் இன்னும் அழுத்தமாக. நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி, பட்டை, சோம்பு, ஒரு கை சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு வதக்கி, கறியைப் போட்டு அது விடும் தண்ணீர் சுண்டும்வரை பிரட்டுங்கள். மல்லி, வரமிளகாய், மிளகு, சீரகம் அரைத்து ஊற்றி, கறி முக்கால் முழுகத் தண்ணீர் விட்டு, தீயைக் குறைத்து மூடுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் நாடாவாகக் கிழியும். ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழ் வந்தால் போதும். மூன்று நாலு மாதக் குட்டி என்றால் தொடை முக்கால் மணியிலிருந்து ஒரு மணிக்குள் பதமாகும். வயதானது ஒன்றரை மணி நேரம் கேட்டது. முதுகுத் துண்டைக் கடைசிக் கால் மணியில்தான் உள்ளே விட வேண்டும். தேங்காய்ப்பால் வேண்டுமா என்று கேட்டால், வேண்டும். கறியில் இல்லாத கொழுப்பை வேறு யார் கொடுப்பது? இறக்கும்போது ஊற்றி ஒரு கொதி போதும்.

இதில் எனக்கு நம்பிக்கை வந்தது நம்மூர்ப் பக்குவத்தை மட்டும் பார்த்து இல்லை. மால்டாவில் முயல்தான் தேசிய உணவு என்கிற அளவுக்குச் சமைக்கிறார்கள். அங்கேயும் வரிசை இதேதான்: முதலில் எண்ணெயில் நிறம் வரப் பிரட்டல், பிறகு ஒயினும் தக்காளியும் விட்டு மூடிபோட்டு மெல்லிய தீ. மசாலா மாறுகிறது, அவசரப்படாமை மாறவில்லை.

சுக்கா, வறுவல். கேட்டதும் எல்லாருக்கும் இதுதான் வேண்டும். ஹோட்டல் முயல் வறுவலைத் தின்றுவிட்டு வந்தவர்கள் வீட்டில் பச்சைக்கறியை நேராக வாணலியில் போட்டு ஏமாறுகிறார்கள். முக்கால் பதம் வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் விட்டுச் சுண்டவைத்தால் மட்டுமே வீட்டில் சரியாக வருகிறது. அப்படிப் பார்த்தால் சுக்கா என்பது சட்டி முறையின் கடைசிப் பத்து நிமிடம்தான். மிளகு, கறிவேப்பிலை, இன்னும் கொஞ்சம் எண்ணெய். அறுபத்தஞ்சு மாதிரி மாவில் புரட்டிப் பொரிப்பது வேறு கதை. எலும்போடு தொடையைப் பொரித்தால் மேலே கருகும், உள்ளே வேகாது. முயலுக்கு உள்சூடு 71 டிகிரி செல்சியஸ் ஏற வேண்டும் என்கிறது அமெரிக்க வேளாண் துறை, எலும்போரம் அது எளிதில் ஏறாது. முதுகுச் சதையை எலும்பில்லாமல் வகிர்ந்தெடுத்துப் பொரித்தால் அருமை. ஆனால் ஒரு முயலில் அது இரண்டு பேர் தட்டுக்குத்தான் காணும்.

தயிரில் ராத்திரி முழுக்க ஊறவைக்கச் சொல்வார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பேன். வெளிப்பக்கம் மாவாகிறது, உள்ளே மசாலா போவதும் இல்லை. அதற்குப் பதில் வெட்டிய கறியை உப்பு, மஞ்சள் தடவி ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைத்துச் சமையுங்கள். அறுத்த உடனே விறைத்து நிற்கும் சதை மறுநாள் தளர்ந்துவிடும். வித்தியாசம் கைக்கே தெரியும்.

பிரியாணி. முதல்முறைக்கு வேண்டாம். அரிசி வேகும் நேரமும் முயல் வேகும் நேரமும் ஒத்துப்போகாது, பச்சைக்கறியை அரிசியோடு தம் போட்டால் இரண்டில் ஒன்று கெடும். ஸ்பெயினின் வலென்சியாக்காரர்கள் பாயெயா என்கிற அவர்கள் ஊர் அரிசிச் சமையலில் கோழியோடு முயலையும் போடுகிறவர்கள். அவர்களே கறியை எண்ணெயில் சிவக்கவைத்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, அதற்கப்புறம்தான் அரிசியைக் கொட்டுகிறார்கள். ஆசை விடவில்லை என்றால், சட்டியில் வெந்த தொடையையும் அந்தச் சாற்றையும் சீரகச் சம்பாவோடு சேருங்கள்.

மறந்துவிடப் போகிறேன், ஈரல். முயலுக்கு உடம்புக்கு மீறின ஈரல், மிருதுவும்கூட. குழம்பில் போட்டு வீணாக்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பித்தப்பை உடையாமல் எடுத்துவிட்டார்களா என்று பாருங்கள். மேலே வெள்ளை வெள்ளையாகக் கட்டியோ புள்ளியோ இருந்தால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள், அது முயலுக்கு வரும் ஒட்டுண்ணி நோயின் அடையாளமாக இருக்கலாம். சுத்தமாக இருந்தால் மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு நடுவரை வேகும்படி ஐந்தாறு நிமிடம் வதக்குங்கள். சட்டியில் தொடை இளகக் காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், சமைக்கிறவருக்கும் ஏதாவது வேண்டும் இல்லையா.