கே-ஜெட்ரானிக் கார்களுக்கான அழுத்தமானித் தொகுப்பு: ஒரு மதிப்புரை

கே-ஜெட்ரானிக் முறையில் பெட்ரோல் பீய்ச்சும் பழைய கார் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும்போது, எந்த உறுப்பையும் மாற்றுவதற்கு முன் எரிபொருள் அழுத்தத்தை அளந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கென்றே விற்கப்படும் அழுத்தமானித் தொகுப்பு ஒன்றைச் சில காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். வட்ட முகப்புள்ள ஒரு மானி, அதிலிருந்து இரு பக்கமும் பிரியும் இரண்டு ரப்பர் குழாய்கள், அவற்றில் ஒன்றில் பொருத்திய திருகு வால்வு, எம்8, எம்10, எம்12 அளவுகளில் பித்தளை இணைப்பிகள், செப்பு வாஷர்கள் ஆகியவை ஒரு பெட்டிக்குள் வருகின்றன. குறைகள் உண்டு, அவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன். ஆனாலும் இத்தகைய காரை வைத்திருப்பவர் வாங்க வேண்டிய முதல் சோதனைக் கருவி இதுவே என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

இதன் தேவையைப் புரிந்துகொள்ள, அந்த எரிபொருள் அமைப்பு வேலை செய்யும் விதத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும். பாஷ் நிறுவனம் உருவாக்கி, 1973இல் போர்ஷே 911இல் அறிமுகமான இம்முறை, பின்னர் வோல்வோ 240, முதல் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ, மெர்சிடிஸ் 280இ, சாப் 900 என்று பலவகைக் கார்களில் இடம்பெற்றது. இதில் கணினி இல்லாததால் பழுதைச் சொல்லும் குறியீடும் கிடையாது. எஞ்சின் இழுக்கும் காற்று ஒரு வட்டத் தகட்டை அசைக்கிறது. அந்த அசைவு ஒரு நெம்புகோல் வழியாக பெட்ரோலைப் பகிர்ந்தளிக்கும் ஃபியூயல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிளஞ்சர் என்ற சிறு தண்டை மேலே தள்ளுகிறது. பிளஞ்சர் உயரும் அளவுக்கு ஏற்பப் பெட்ரோல் எல்லா இன்ஜெக்டர்களுக்கும் இடைவிடாமல் போகிறது. பிளஞ்சரின் தலைமீது எதிர்ப்பக்கமிருந்து அழுத்திக்கொண்டிருக்கும் பெட்ரோலின் அழுத்தத்தைத்தான் கட்டுப்பாட்டு அழுத்தம் என்கிறோம். அது குறைந்தால் தகடு எளிதாக நகர்ந்து, காற்றோடு சேரும் பெட்ரோல் கூடிக் கலவை செறிவாகும்; கூடினால் தகடு நகர மறுத்துக் கலவை மெலியும். குளிர்ந்த எஞ்சினுக்குச் செறிவான கலவை வேண்டும் என்பதால், வார்ம்-அப் ரெகுலேட்டர் தொடக்கத்தில் இந்த அழுத்தத்தைத் தாழ்த்தி வைத்து, சூடு ஏற ஏற அதை உயர்த்துகிறது. காதால் கேட்டோ மூக்கால் முகர்ந்தோ இதை அறிய வழியில்லை. அதனால்தான் பம்பை மாற்றி, ஃபில்டரை மாற்றி, இறுதியில் விலை மிகுந்த டிஸ்ட்ரிபியூட்டரையும் மாற்றிய பிறகும் எஞ்சின் பிடிக்காத கார்களைப் பார்க்க நேர்கிறது.

மானியை இணைப்பதற்கு முன் பேட்டரி, தீப்பொறி, பம்பின் ஃபியூஸ் ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. பம்புக்கு மின்சாரம் தரும் சுவிட்சான ரிலேவைப் பற்றி மட்டும் ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான பிற்கால மாடல்களில், இக்னிஷன் காயிலிலிருந்து துடிப்பு வந்தால்தான் அந்த ரிலே பம்பை இயக்கும். ஆகவே சாவியைத் திருப்பியதும் பம்பு ஓசை கேட்கவில்லை என்பதை வைத்துப் பம்பு இறந்துவிட்டதாக முடிவு செய்யக் கூடாது. ரிலேவைக் கழற்றி, அதன் அடித்தளத்தில் 30, 87 என்ற இரண்டு முனைகளையும் ஃபியூஸ் உள்ள ஒரு கம்பியால் இணைத்தால் எஞ்சின் சுழலாமலே பம்பு ஓடும். மானிச் சோதனை முழுவதையும் இந்த முறையில்தான் செய்ய வேண்டும்.

தொகுப்பு பொருந்தும் இடம், டிஸ்ட்ரிபியூட்டரின் தலையிலிருந்து வார்ம்-அப் ரெகுலேட்டருக்குப் போகும் குழாய். அந்தக் குழாயைக் கழற்றி நடுவில் மானியை இணைக்கும்போது, திருகு வால்வு ரெகுலேட்டரின் பக்கம் இருக்க வேண்டும். என் கைக்கு வந்த தொகுப்பின் விளக்கத்தாளில் இந்த ஒரு முக்கியமான செய்தி இல்லாதது பெரிய குறை. வால்வு டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் அமைந்துவிட்டால், அதை மூடியதும் மானி பம்பின் பக்கத்திலிருந்து துண்டிக்கப்பட்டு, காட்டும் எண்ணுக்குப் பொருளே இல்லாமல் போகும். அழுத்தத்தில் பெட்ரோல் நிற்கும் குழாய் இது என்பதையும் மறக்கக் கூடாது. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், திறக்கும் இணைப்பைச் சுற்றித் துணி இருக்க வேண்டும், தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பழைய வாஷர்களைத் திரும்பப் போடாமல் புதியவற்றைப் போட வேண்டும்.

இணைத்த பின் கிடைக்கும் தகவலே இத்தொகுப்பின் பெருமை. வால்வை மூடி அளந்தால் அமைப்பின் முழு அழுத்தம் தெரியும். மாடலைப் பொறுத்து அது 4.5 முதல் 5.4 பார் (அழுத்தத்தின் அலகு) வரை அமையும். வால்வைத் திறந்து, ரெகுலேட்டரின் மின் இணைப்பைக் கழற்றி வைத்து அளந்தால் குளிர்நிலைக் கட்டுப்பாட்டு அழுத்தம் தெரியும். 20 டிகிரி வெப்பத்தில் அது பொதுவாக 1.5 பாரை ஒட்டியிருக்கும். மின் இணைப்பைத் திரும்பக் கொடுத்தால் உள்ளிருக்கும் சூடேற்றியால் அது சில நிமிடங்களில் 3.5 பாரை நெருங்க வேண்டும். துல்லியமான எண்களை அந்தந்தக் காரின் பட்டறைக் கையேட்டில் ரெகுலேட்டர் எண்ணை வைத்தே பார்க்க வேண்டும், ஏனெனில் ஒரே தோற்றமுள்ள ரெகுலேட்டர்கள் வெவ்வேறு அளவுகளுக்குச் செய்யப்பட்டவை.

நெடுநாள் ஓடாமல் நின்ற நான்கு சிலிண்டர் கார் ஒன்றில் இதைப் பயன்படுத்தியதைச் சொல்கிறேன். செல்ஃப் நன்றாகச் சுழன்றது, தீப்பொறியும் இருந்தது, ஆனால் குளிர்ந்த எஞ்சின் பிடிக்கவே இல்லை. பம்பு ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தது. மானி முழு அழுத்தத்தைச் சரியாகக் காட்டியதால் பம்பின்மீது இருந்த ஐயம் உடனே தீர்ந்தது. வால்வைத் திறந்தபோது முள் 3 பாருக்கு மேலேயே நின்றது. அதாவது குளிர்ந்திருந்த எஞ்சினுக்கு, சூடான எஞ்சினுக்குரிய மெலிந்த கலவை போய்க்கொண்டிருந்தது. ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றொருவர் காற்றுத் தகட்டைக் கையால் மெல்ல நகர்த்தியபோது எஞ்சின் பிடித்ததும் அந்த முடிவுக்கு வலுச் சேர்த்தது. ரெகுலேட்டரின் நுழைவாயிலில் ஒரு சிறிய வலை உண்டு. பழைய பெட்ரோலின் பிசின் அதை அடைத்துவிட்டால் எரிபொருள் வடிந்து போக வழியின்றி அழுத்தம் மேலேயே நிற்கும். அந்த வலையைத் துப்புரவு செய்ததும் முள் இறங்கியது, காரும் ஸ்டார்ட் ஆனது. மாற்றப்படவிருந்த டிஸ்ட்ரிபியூட்டர் இன்றும் அதே காரில் வேலை செய்கிறது.

மூன்றாவது அளவீட்டில்தான் இத்தொகுப்பின்மீது எனக்கு மனக்குறை உண்டு. ஓடி நிறுத்திய கார் சூடாக இருக்கும்போது மறுபடி ஸ்டார்ட் ஆகாவிட்டால், பம்பு நின்ற பிறகு குழாய்களில் தங்கும் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். இன்ஜெக்டர்கள் திறக்கும் அளவான 3.3 பாருக்குக் கீழே அது உடனே இறங்கி, அங்கிருந்து நெடுநேரம் நிற்க வேண்டும். நிற்காமல் வடிந்தால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாய்களில் குமிழி கட்டும். காரணம் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் அக்யுமுலேட்டராகவோ, பம்பின் திரும்பா வால்வாகவோ, கசியும் இன்ஜெக்டராகவோ இருக்கலாம். வால்வை மூடிவிட்டுப் பார்க்கும்போது மட்டும் அழுத்தம் நிற்கிறது என்றால் கசிவு ரெகுலேட்டர் பக்கம் இருக்கிறது என்று பொருள். இவ்வளவு நுட்பமான சோதனையில் மானியின் இணைப்புகளே கசிந்தால் எல்லாம் பாழாகும். எனக்கு வந்த தொகுப்பில் திருகு வால்வின் தண்டு ஓரம் மெல்ல ஈரம் கசிந்தது. தண்டின் நட்டை இறுக்கிய பிறகே அது நின்றது. ஆகவே இதை வாங்குபவர், முதல் முறை பம்பை ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பார்க்காமல் எந்த எண்ணையும் நம்ப வேண்டாம்.

மானியின் முகப்பு பெரியது, கிளிசரின் நிரப்பப்பட்டது. பம்பின் அதிர்வில் முள் துடிக்காமல் நிற்கிறது. 10 பார் வரை அளக்கும் முகப்பில் 0.2 பாருக்கு ஒரு கோடு இருப்பது, குளிர்நிலை அளவீட்டுக்குப் போதுமானது என்றே சொல்லலாம். 6 பார் முகப்பாக இருந்திருந்தால் இன்னும் தெளிவாகப் படிக்கலாம். குழாய்கள் தேவையான நீளம் உடையவை. பானட்டை முழுவதும் திறந்து மானியைக் கண்ணாடித் துடைப்பானில் தொங்கவிட்டுப் படிக்க முடிகிறது.

அழுத்தமானி சொல்லாதவையும் உண்டு. டிப்ஸ்டிக்கின் ரப்பர் வளையம், எண்ணெய் மூடி, உறிஞ்சு குழாய்கள் ஆகியவற்றின் வழியே புகும் கள்ளக் காற்று தகட்டைக் கடக்காமல் உள்ளே போவதால், அழுத்தங்கள் எல்லாம் சரியாக இருந்தும் எஞ்சின் பிடிக்காது. பிளஞ்சர் பிசினால் ஒட்டியிருந்தால் அதைத் தகட்டை நகர்த்தும் கைதான் உணரும். மானியின் எண்கள் சரியாக இருக்கும் காரில், கலவையைத் திருத்தும் 3 மிமீ ஆலன் திருகின்மீது கை வைப்பதை யாரும் முதல் வேலையாகச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கு அரைச் சுற்றுத் திருப்புவதே எஞ்சின் பிடிக்காமல் போகப் போதும்.

கே-ஜெட்ரானிக் அல்லாத பீய்ச்சு முறைகளான, 1971இல் வந்த பிஎம்டபிள்யூ 2002 டிஐஐயின் கூகல்ஃபிஷர் பம்பு, ட்ரயம்ஃப் டிஆர்5இன் லூக்காஸ் அமைப்பு, மெர்சிடிஸ் 230எஸ்எல்லின் பாஷ் பம்பு ஆகியவற்றை வைத்திருப்பவர்களுக்கு இத்தொகுப்பு ஓரளவே உதவும். அவற்றில் கட்டுப்பாட்டு அழுத்தம் என்ற ஒன்றே இல்லை. பீய்ச்சும் அளவை நிர்ணயிப்பது பம்புக்கும், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலுக்கும் இடையிலான இணைப்பும், சில அமைப்புகளில் வேக்குவமும். பம்புக்கு வந்து சேரும் பெட்ரோலின் அழுத்தத்தை மட்டும் தகுந்த இணைப்பியோடு இந்த மானியால் அளக்கலாம். லூக்காஸ் அமைப்பில் அது 7 பார் அளவுக்குப் போகும் என்பதால், அந்தக் காருக்கு வாங்குபவர் 10 பார் முகப்புள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.